வாசகர் கேள்வி: ரிட்டர்னில் நன்கொடை எழுதலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கும் மகன், மாநில வரி ரிட்டர்னிலேயே நன்கொடைத் தொகையை எழுதிவிடுகிறான். நான் கேரள முதல்வர் பேரிடர் நிவாரண நிதிக்கு 10,000 ரூபாய் அனுப்பியிருக்கிறேன். நம் ரிட்டர்னில் அப்படி வசதி உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் தனியாக வருமான வரி வாங்குகின்றன. 1977-ல் கொலராடோ, வேட்டையாடப்படாத காட்டுயிர்களுக்காக ரிட்டர்னில் நன்கொடை எழுத ஓர் இடம் சேர்த்தது. பிறகு மற்ற மாநிலங்களும் பிடித்துக்கொண்டன. கலிஃபோர்னியா படிவத்தில் முதியோர் நலம், அருகிவரும் உயிரினங்கள் என்று நிதிகளின் பட்டியலே உண்டு. குறைந்தது 1 டாலர். கட்டிய வரியில் ஒரு பங்கு அந்த நிதிகளுக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. 200 டாலர் ரீஃபண்ட் வரவேண்டியவர் 25 எழுதினால் 175தான் கைக்கு வரும். வரி பாக்கி உள்ளவருக்கு பாக்கி 25 டாலர் கூடும்.

நம் நாட்டில் வருமான வரி ஒன்றிய அரசுடையது. ரிட்டர்னில் உள்ள 80ஜி (நன்கொடைக்கு வருமானத்தில் கழிவு தரும் சட்டப் பிரிவு) அட்டவணை, மார்ச் 31-க்குள் கொடுத்து முடித்த பணத்துக்குக் கழிவு கேட்க மட்டுமே. முதல்வர் நிதிக்கு உச்சவரம்பின்றி 100 சதவீதம் கழிவு உண்டு, 10,000-மும் கழியும். நிதியின் பெயர், பான், முகவரி, பின்கோடு எழுத வேண்டும். ரசீதில் பார்த்து எழுதுங்கள்.

ஆனால் பழைய வரிமுறையில் மட்டும்தான் இது. புதிய முறையில் 80ஜி கிடையாது, தானாக வருவதும் புதிய முறைதான். 2025-26 நிதியாண்டில் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் (பங்கு விற்ற லாபம் போன்றவை தனி) புதிய முறையில் வரியே இல்லை. ஓய்வூதியம் அந்த அளவுக்குள் இருந்தால் 10,000 ரூபாய்க் கழிவுக்காகப் பழைய முறைக்குப் போகாதீர்கள், நஷ்டம் உங்களுக்குத்தான்.

கேள்வி: பழைய முறையில் இருக்கிறேன். அநாதை இல்லம் நடத்தும் டிரஸ்டுக்குக் கொடுத்த ரசீது கையில் இருந்தும் கழிவு கிடைக்கவில்லை. ஏன்?
— கடைக்காரர், நகரி

பதில்: ரசீதின் பின்பக்கத்தில் '80ஜி' என்று அச்சடித்திருந்தால் போதாது. டிரஸ்ட் ஆண்டுதோறும் மே 31-க்குள் 10பிடி படிவத்தில் உங்கள் பெயர், பான், தொகையைத் துறைக்குத் தெரிவித்து, உங்களுக்கு 10பிஇ சான்றிதழ் தரவேண்டும். அதில் உள்ள ஏஆர்என் எனப்படும் நன்கொடைக் குறிப்பு எண்ணைத்தான் ரிட்டர்ன் கேட்கிறது. சின்ன டிரஸ்டுகள் இதை விட்டுவிடுகின்றன, அல்லது பானில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துவிடுகின்றன. ஜூன் மாதமே சான்றிதழைக் கேட்டு வாங்கி, பானை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தப்பென்றால் டிரஸ்ட் திருத்திய 10பிடி கொடுக்கலாம். தாமதத்துக்கு நாளுக்கு 200 ரூபாய் கட்டணம் அவர்கள் தலையில்தான் விழும். அதைச் சொன்னாலே வேலை நடக்கும்.

பணம் எப்படிக் கொடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள். 2,000-க்கு மேல் ரொக்கமென்றால் மொத்தத் தொகைக்கும் கழிவில்லை. முதல் 2,000 மட்டும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அரிசி மூட்டை, துணிமணி, கோயில் உண்டியல் காணிக்கை எதுவும் கணக்கில் வராது.

இத்தகைய டிரஸ்டுகளுக்குப் பொதுவாகப் பாதிதான் கழியும், அதற்கும் வரம்பு உண்டு. மற்றக் கழிவுகள் போக வருமானம் 15 லட்சம், நன்கொடை 2 லட்சம் என்றால், வருமானத்தில் 10 சதவீதமான 1,50,000 மட்டுமே ஏற்கப்படும். அதில் பாதி, 75,000 கழியும்.