லாக்கில் கப்பல் ஏறுவதும் இறங்குவதும்: கேள்வி பதில்

ஆரம்பாக்கம்: சார், பனாமா கால்வாயில் அத்தனை பெரிய கப்பலை 26 மீட்டர் மேலே தூக்க எத்தனை பம்ப் ஓடும்?

தண்ணீர் ஏற்ற ஒரு பம்ப்கூட கிடையாது. லாக் என்பது முன்னும் பின்னும் கதவு வைத்த தண்ணீர் அறை, அதில் மட்டத்தை ஏற்றி இறக்கித்தான் கப்பலை ஏற்றி இறக்குகிறார்கள். மேலே காட்டுன் ஏரி இருக்கிறது, அங்கிருந்து தண்ணீர் தானாகவே இறங்கி வருகிறது. கப்பல் கீழ் அறைக்குள் வந்ததும் பின்கதவைச் சாத்துவார்கள். பிறகு பக்கச் சுவருக்குள் ஓடும் சுமார் 5.5 மீட்டர் விட்டமுள்ள சுரங்கக் குழாயின் வால்வைத் திறப்பார்கள். அறையின் தரையில் உள்ள திறப்புகள் வழியாகத் தண்ணீர் சீராகப் பொங்கும். ஒரே முனையிலிருந்து விட்டால் அலை எழும்பி, கப்பல் முன்னும் பின்னும் இழுபட்டு, கயிறு அறுந்துவிடும். சுமார் 8 நிமிடத்தில் அறை நிரம்பும். மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கும். காட்டுனில் இப்படி மூன்று படி.

தடா: மட்டம் முழுசா சமமாகும் முன்பே கதவைத் திறந்தால் என்ன, அண்ணா? நேரம் மிச்சமாகுமே.

திறக்கவே கூடாது. இரட்டைக் கதவு மேல்பக்கத் தண்ணீரைப் பார்த்து V வடிவில் சாத்தியிருக்கும், அழுத்தமே அதை இறுக்கிப் பிடிக்கும். 20 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம் தண்ணீருக்குள் இருக்கும் ஒரு கதவில் இரு பக்க மட்டத்தில் வெறும் 10 செ.மீ. வித்தியாசம் இருந்தாலே 30 டன் விசை. நம் ஏரி மதகுப் பலகை நிறை தண்ணீரில் அசையாமல் நிற்பதும் இதே காரணத்தால்தான். பலவந்தமாகத் திறந்தால் முதலில் கதவை இழுக்கும் இயந்திரக் கை வளையும், அடுத்து கப்பல் இழுபடும். மட்டம் சமமான பிறகே கதவு.

சித்தூர்: சூயஸில் ஏன் லாக் இல்லை?

வழியில் ஏற வேண்டிய மேடு இல்லை.

நகரி: மோட்டார் எத்தனை குதிரைத்திறன்?

முதல் பதிலைப் படியுங்கள். மோட்டார் கதவுக்கும் வால்வுக்கும்தான், தண்ணீர் ஏற்ற அல்ல.

சூலூர்பேட்டை: 60 ஆயிரம் டன் கப்பல் ஏறினால், சின்னப் படகைவிட அவ்வளவு அதிகத் தண்ணீர் வேண்டும்தானே?

வேண்டாம். கப்பல் நுழையும்போதே தன் எடைக்குச் சமமான தண்ணீரைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிட்டுத்தான் வருகிறது. நிரப்ப வேண்டியது அறையின் பரப்பை மட்டம் உயரும் அளவால் பெருக்கிய கணக்கு மட்டுமே. 304.8 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலம், சுமார் 8.6 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் 88 ஆயிரம் கன மீட்டர். உள்ளே தோணி நின்றாலும் அதே அளவு.

புத்தூர்: ஒத்துக்க முடியாது சார். கப்பல் ஏரிக்குள் போனதும் அது விட்ட இடத்தை ஏரித் தண்ணீர்தானே நிரப்பும்? அந்த 60 ஆயிரம் எங்கே போச்சு?

நல்ல பிடி. ஆமாம், அது ஏரியிலிருந்து அறைக்குள் வருகிறது. ஆனால் கப்பல் இப்போது ஏரியில் அதே அளவு இடத்தை அடைத்துக்கொண்டு மிதக்கிறது, அதனால் ஏரி மட்டம் இறங்காது. மறுபக்கம் இறங்க அறைக்குள் நுழையும்போது அந்த 60 ஆயிரத்தை ஏரிக்கே திருப்பித் தள்ளும். கணக்கு நேராகிவிட்டது.

சூலூர்பேட்டை: அப்போ காலிக் கப்பலுக்கும் முழுச் செலவா!

அதேதான். அதனால்தான் சின்னப் படகுகளைச் சேர்த்து ஒரே தடவையில் விடுகிறார்கள். ஒரு கப்பல் கடக்க சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. 2016-இல் திறந்த புதிய லாக்கில் ஒவ்வொரு அறைக்கும் பக்கத்தில் மூன்று தொட்டிகள். இறக்கும்போது வரும் தண்ணீரை அவற்றில் பிடித்து, அடுத்த ஏற்றத்துக்கு விடுவார்கள், 60 சதவீதம் மிச்சமாகும். 2023 வறட்சியில் அந்தப் புது லாக்கில் போகும் கப்பல்களின் மிதவை ஆழத்தை (தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழத்தை) 15.24 மீட்டரிலிருந்து 13.41 மீட்டராகக் குறைக்க வேண்டியதாயிற்று.

பழவேற்காடு: பக்கிங்காம் கால்வாய் லாக்கும் இதேதானா, அண்ணா? படகுக்கு என்ன ஜாக்கிரதை?

தத்துவம் அதே, அளவு சின்னது. எந்த லாக்கிலும் இறங்கும்போது கயிற்றை முளையில் முடிச்சுப் போட்டுவிட்டு நகராதீர்கள். மட்டம் இறங்க, படகு கயிற்றில் தொங்கிக் கவிழும். கயிற்றை ஒரு சுற்று சுற்றி, கையில் பிடித்தபடி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். படகின் பின்பகுதியை மேல்கதவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் படியிலிருந்து தள்ளி முன்னே நிறுத்துங்கள். அந்தக் கல்லில் உட்கார்ந்தால் முன்பகுதி மட்டும் இறங்கி, தண்ணீர் உள்ளே வரும். இப்படி நடந்தால் முதல் வேலை கீழ் வால்வை மூடுவது.

குப்பம்: பனாமாவில் ஒரு கப்பலுக்குக் கட்டணம் எவ்வளவு?

அதைக் கப்பல் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்.

ஆரம்பாக்கம்: கடலில் 12 மீட்டர் ஆழம் மூழ்கி மிதக்கும் கப்பல் ஏரிக்குப் போனால் அதே 12 தானா?

இல்லை. கடல்நீர் நன்னீரைவிட சுமார் 2.5 சதவீதம் கனம், அதனால் ஏரியில் கப்பல் சுமார் 30 செ.மீ. அதிகம் மூழ்கும். சரக்கு ஏற்றும்போதே அதைக் கழித்துவிட வேண்டும். பழைய லாக்கில் எல்லையே நன்னீர்க் கணக்கில் 12.04 மீட்டர், ஆகவே கடலில் 12 மீட்டர் காட்டும் உங்கள் கப்பலை உள்ளே விடமாட்டார்கள்.