ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டுப் போகாதே, கண்ணு

எருத்தேம்பதியிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறாள்: "அக்கா, செப்டம்பரில் இங்கிலாந்திலுள்ள லெஸ்டருக்குப் படிக்க வருகிறேன். நான் சைவம். தங்கப்போகும் வீட்டில் ஸ்லோ குக்கர், அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரச் சட்டி, இருக்கிறதாம். காலையில் ராஜ்மாவைப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனால் சாயங்காலம் குழம்பு ரெடியாகிவிடுமா? ஊரிலிருந்து என்ன கொண்டுவரட்டும்? பார்ட் டைம் வேலை கிடைக்குமா? குளிர் எப்படி?"

குளிர் பழகிவிடும், கண்ணு. வேலை தேடினால் கிடைக்கும். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் வாரங்களில் 20 மணி நேரத்தைத் தாண்டாதே. அந்த ஸ்லோ குக்கர் விஷயத்தை மட்டும் நான் விடமாட்டேன். அதில் அடிபட்டவள் நான்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. உன் ஊர் மாதிரியே கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டக் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசும் ஊர். 2004-இல் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு வந்தேன். ஐந்து பேர் சேர்ந்து எடுத்த வீடு. முன்பு குடியிருந்தவர்கள் ஒரு ஸ்லோ குக்கரை விட்டுப் போயிருந்தார்கள். ராஜ்மாவை எங்கள் வீட்டில் சமைத்ததே இல்லை. கடையில் பார்த்தபோது பெரிய வன்பயறு (சிவப்புத் தட்டைப்பயறு) மாதிரி சிவப்பாக இருந்தது, வாங்கிவிட்டேன். வன்பயற்றை அம்மா பெரும்பாலும் ஊறவைக்காமலே வேகவைப்பாள். அதே நினைப்பில் காலை ஆறு மணிக்கு அப்படியே தண்ணீர் ஊற்றி, குறைந்த சூட்டில் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன். திரும்பி வந்து தாளித்துக் கொட்டி, பசியில் இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிட்டேன். பயறு நடுவில் கொஞ்சம் விறைப்பாக இருந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் வாந்தி. அப்புறம் பேதி. நடுராத்திரி வரைக்கும் குளியலறைத் தரையிலேயே கிடந்தேன். கூட இருந்தவர்கள் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மறுநாள் எழுந்திருக்கத் தெம்பில்லை. ஒரு நாள் சம்பளம் போயிற்று. வேலையிடத்தில் ஒரு மூத்த நர்ஸ், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற புரதம் அதிகம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நாலைந்து பயறு உள்ளே போனாலே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வயிற்றைப் புரட்டிவிடும். நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். ஸ்லோ குக்கர் பல நேரம் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. 80 டிகிரி வாக்கில் கிடந்தால் நஞ்சு பச்சைப் பயற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடவும் செய்யும். எத்தனை மணி நேரம் வைத்தாய் என்பது இங்கே கணக்கே இல்லை, கொதித்ததா என்பதுதான் கணக்கு. ராஜ்மா ஆசை இருந்தால் ராத்திரி முழுக்க ஊறவை, அந்தத் தண்ணீரைக் கொட்டு. புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது பத்து நிமிஷம், நான் என்றால் அரை மணி நேரம், கொதிக்கவிட்டு அப்புறம் மெத்தென்று வேகவை. பிரஷர் குக்கரில் விசில் வர வைத்தாலும் சரி. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது. அலசிவிட்டுப் போடலாம், பயமில்லை.

இங்கே பழசானவர்கள் சிலர் இதையெல்லாம் புதுசாக வரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. "எல்லாம் பழகிடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இல்லையென்றால் பத்து கிலோ பருப்பைச் சுமந்து வரச் சொல்வார்கள். அதில் எனக்குக் கோபம் உண்டு. லெஸ்டரில் பெல்கிரேவ் ரோடு முழுக்க குஜராத்திக் கடைகள். 1972-இல் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் பலர் வேர்விட்ட ஊர் இது. அங்கே 'சோரா' என்று கேள், நம்ம தட்டைப்பயறு வரும். சூப்பர் மார்க்கெட்டில் அதையே பிளாக் ஐ பீன்ஸ் என்பார்கள். 'வால்' என்றால் மொச்சை வகை. நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று, எனக்குச் சொல்ல ஆளில்லை.

அதனால் ராஜ்மாவை விடு, தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு வை. ஒரு டம்ளர் பயற்றை வாசம் வர வெறுஞ்சட்டியில் வறுத்து, மூன்று டம்ளர் தண்ணீரில் நாலு விசில் விடு. உப்பைப் பிறகு போட்டுக்கொள். புளியை அப்போது போடாதே, பயறு வேகாமல் அடம்பிடிக்கும். கொத்தமல்லி விதை, வரமிளகாய், சீரகம், தேங்காய் நாலையும் வறுத்து அரைத்துக்கொள். சின்ன வெங்காயத்துக்கு இங்கே ஷாலட். பூண்டு, தக்காளி, கத்தரிக்காய் வதக்கி, வெந்த பயற்றையும் அரைத்ததையும் சேர்த்து, கடைசியில்தான் புளிக்கரைசல். தாளிக்கும்போது ஜன்னலைத் திற, புகை அலாரம் கத்தும்.

தமிழ்ச் சங்கத்துக்குப் போனால் நீ கேரளாதானே என்பார்கள். மலையாளிகள் ஓணத்துக்குக் கூப்பிட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக்காரி என்று அறிமுகம் செய்வார்கள். ரொம்ப நாள் வருத்தமாகவே இருந்தது. இப்போது சங்கத்துக்குத் தேங்காய்ப்பால் விட்ட கேரளத்து ஓலனும் ஓணத்துக்கு இந்தக் குழம்பும் எடுத்துப் போகிறேன். இரண்டும் எங்கள் வீட்டுச் சமையல்தான். இரண்டு இடத்திலும் பாத்திரம் காலியாகித்தான் திரும்புகிறது.

நம்ம கிழக்குப் பக்கம் மழை மறைவு நிலம், உனக்குத் தெரியாததா. எங்கள் காட்டில் கடலைக்கு நடுவே தட்டைப்பயறு போடுவார்கள். காய்ந்த நெற்றைக் களத்தில் பரப்பி அப்பா கோலால் அடிப்பார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சக்கையைத் தூக்கிக்கொண்டு போகும். அம்மா முறத்தோடு நின்று பயற்றை மட்டும் பிடித்துக்கொள்வாள்.

உடம்பு சரியில்லாமல் போன மறுநாள் போன் கார்டு வாங்கி அவளைக் கூப்பிட்டேன். முதல் கேள்வியே, "எத்தனை விசில் விட்ட கண்ணு?" விசில் வராத சட்டி அம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இரண்டு மாதம் கழித்து, பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒருவரிடம் மூன்று லிட்டர் குக்கர் கொடுத்து அனுப்பினாள். உள்ளே துணியில் முடிந்த தட்டைப்பயறு.

நீயும் சின்ன குக்கர் ஒன்று கொண்டுவா. இங்கே பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு. வெறும் அலுமினியம் சூடாகாது, இண்டக்‌ஷன் அடி உள்ளதாகப் பார்த்து வாங்கு. ரப்பர் வளையம் இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள். அம்மா கொடுத்த குக்கருக்கு நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் வாங்கி வருகிறேன்.