கண்ணுக்கு ஒரு பிரவுன் போதும்

அழகு: வாசகியர் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் 24 வருடமாக பார்லர் வைத்திருக்கிறேன். போன மாதம் கண் மையைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஐ ஷேடோவைத்தான், அதாவது இமையில் பூசுகிற நிறத்தைத்தான் கேட்டிருந்தன. கல்யாண மேக்கப் கேள்விகளை இன்னொரு முறைக்கு எடுத்து வைத்துவிட்டேன். தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள், இதுவரை பிரஷ்ஷையே கையில் எடுக்காதவர்கள் கேட்டதற்கு மட்டும் இந்த மாதம் பதில்.

நான் பள்ளி ஆசிரியை. மாநிறம். ஆன்லைனில் 40 கலர் இருக்கும் பேலட் ஒன்று வாங்கினேன். எதைப் போட்டாலும் இமையில் விபூதி பூசியது போல் சாம்பலாகத் தெரிகிறது. என் நிறத்துக்கு ஐ ஷேடோவே ஒத்துவராதா அக்கா?
வாசகி, கோவில்பட்டி

உங்கள் நிறத்தின் மேல் பழி போடாதீர்கள். அந்தப் பேலட்டை ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள். வெளிர் ரோஸ், வெளிர் நீலம், லாவெண்டர், வெள்ளி என்று பாதிக்குப் பாதி வெளுத்த நிறங்களாக இருக்கும். நிறம் அப்படி வெளுப்பாக வர டைட்டானியம் டை ஆக்ஸைடு, டால்க் போன்ற வெள்ளைப் பொடிகளை நிறையச் சேர்ப்பார்கள். வெள்ளைக்காரர்கள் தோலில் அது ரோஸாகத் தெரியும். நம் இமையில் ரோஸ் உள்ளே போய்விடும், வெள்ளை மட்டும் மேலே நிற்கும். நீங்கள் பார்த்த சாம்பல் அதுதான்.

இதை நான் ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தத்தில் கற்றுக்கொண்டேன். பார்லர் ஆரம்பித்து இரண்டாவது வருடம். நல்ல கருப்பு, களையான முகம். புருவத்துக்குக் கீழே முத்து வெள்ளையில் ஷிம்மர், அதாவது மினுமினுக்கிற நிறம் வைத்தால் கண் எடுப்பாக இருக்கும் என்று நினைத்து வைத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகம் ஒரு நிறம், இமை ஒரு நிறம். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பக்கங்களை மட்டும் சீக்கிரம் புரட்டினாள். அதற்குப் பிறகு தோலை வெளுத்துக் காட்டுகிற எதையும் நான் இமையில் வைப்பதில்லை.

சரி, எதை வாங்குவது? நம்மில் நிறையப் பேருக்குத் தோலின் அடியில் ஒரு மஞ்சள் சாயல் ஓடும். அதைத்தான் வார்ம் டோன் என்கிறார்கள். கருப்பா, சிவப்பா, மாநிறமா என்பது வேறு, இந்தச் சாயல் வேறு. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். நம் நிறத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அது பிடிபடாது. அதை விட எளிது இது: முகம் கழுவி, ஒன்றும் பூசாமல், காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் நில்லுங்கள். பளீரென்ற வெள்ளைத் துணியைக் கழுத்தோரம் வைத்துப் பாருங்கள். அப்புறம் வெளுக்காத கோரா துணி. கோராவில் முகம் தெளிந்து தெரிந்தால் நீங்கள் வார்ம். வெள்ளியை விடத் தங்கக் கம்மல் முகத்தோடு சேர்ந்து போகும். இரண்டும் ஒன்று போலிருந்தாலும் கவலையில்லை, நான் சொல்லப்போகிற நிறங்கள் உங்களுக்கும் சேரும்.

வார்ம் தோலுக்கு ஏற்ற நிறங்கள் எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கின்றன. உங்கள் ஊர்க் கடலைமிட்டாயின் பாகு, கருப்பட்டி, காய்ந்த மருதாணி, செங்கல், கோலத்துக்குக் கரை கட்டும் காவி, துலக்காமல் விட்ட பித்தளைக் குத்துவிளக்கு. டப்பாவில் இவற்றைத்தான் கேரமல், டெரகோட்டா, காப்பர், பிரான்ஸ் என்று எழுதியிருப்பார்கள். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டு மண் செக்கச்செவேலென்று கிடக்கிறதே, அந்தச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு ஆக்ஸைடு. ஐ ஷேடோவில் பிரவுனும் செங்கல் நிறமும் வருவதும் அதே இரும்பு ஆக்ஸைடால்தான். மினுமினுப்புக்குச் சேர்க்கிற மைக்கா, சின்ன வயதில் நாம் மண்ணில் பொறுக்கிய காக்காப்பொன். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு இந்த நிறங்கள் மேல் தனிப் பிரியம்.

முதலில் ஒரே ஒரு பிரவுன் வாங்குங்கள். மினுக்காத மேட். உங்கள் இமையை விட ஒரு படி, மிஞ்சினால் இரண்டு படி அடர்த்தி. மாநிறத்துக்குப் பாகு நிறத்திலிருந்து செங்கல் வரை போகலாம். கருப்பு நிறத்தவர்களுக்குக் கேரமல் தெரியவே தெரியாது, நேரே கருப்பட்டிக்குப் போய்விடுங்கள். ஒரு மாதம் கை பழகிய பிறகு இரண்டாவதாக மங்கின தங்கம் அல்லது செம்பில் ஒரு ஷிம்மர். ஒரு வருடத்துக்கு இந்த இரண்டு போதும். கடையில் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரே ஒரு தடவை தேய்த்துவிட்டு வாசலுக்கு வந்து பாருங்கள். டியூப் லைட்டில் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். அந்த நீல வெளிச்சத்தில் நல்ல பிரவுனும் செத்துத்தான் தெரியும். ஒரு தடவைக்கே நிறம் பிடித்தால் நல்ல சரக்கு. நாலு தடவை தேய்க்க வேண்டியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இனி போடுவது. டப்பாவுக்குள் வருகிற பஞ்சுக் குச்சியை ஓரமாக வைத்துவிடுங்கள், அது நிறத்தைத் திட்டுத் திட்டாக அப்பும். நிறத்தைத் தோலோடு கரைத்துவிடுகிற, முடி நெகிழ்வான ஒரு பிளெண்டிங் பிரஷ் மட்டும் வாங்குங்கள். கண்ணை மூடி, ஆள்காட்டி விரலால் இமையை மெல்லத் தடவினால் கண்குழியின் எலும்பு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே உள்ள மடிப்புதான் உங்கள் எல்லை. பிரஷ் நுனியை நிறத்தில் ஒரு முறை தொட்டு, புறங்கையில் தட்டி உதிருங்கள். கண்ணின் வெளி ஓரத்திலிருந்து அந்த மடிப்பு வழியாக மூக்கை நோக்கிப் பாதி தூரம் போய்த் திரும்பி வாருங்கள். அழுத்தவே கூடாது. பிரஷ்ஷைக் காம்பின் நுனியில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். ஐந்தாறு முறை போய் வந்ததும், நிறம் எங்கே முடிகிறது என்று தெரியாதபடி ஓரத்தை மட்டும் விரலால் ஒற்றிவிடுங்கள். புருவத்துக்குக் கீழே ஒன்றும் வேண்டாம். ஷிம்மர் வாங்கிய பிறகு அதை மோதிர விரலில் தொட்டு, கருவிழிக்கு நேர் மேலே இமை நடுவில் ஒரே ஒரு ஒற்று. மொத்தமே மூன்று நிமிடம்தான்.

முதல் வாரம் இரண்டு கண்ணும் ஒன்று போல் வராது. வராவிட்டால் குறைந்த பக்கத்தில் ஏற்றிக்கொண்டே போகாமல், கூடின பக்கத்தை ஒற்றிக் குறையுங்கள்.

காலையில் 8 மணிக்குப் போட்டால் 11 மணிக்கெல்லாம் இமை மடிப்பில் கோடாகத் திரண்டு நிற்கிறது. வேர்வை வேறு. என்ன செய்வது?
வாசகி, தூத்துக்குடி

இமையில் எண்ணெய்ப்பசை இருக்கிறது. முகத்துக்குப் போடுகிற க்ரீமையும் இமை வரை இழுத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தலைக்கு எண்ணெய் வைத்த கையால் முகத்தைத் தொட்டாலும் இப்படி ஆகும். இமையை டிஷ்யூவால் ஒற்றிவிட்டு, தோல் நிறத்திலேயே இருந்து கருமையை மறைக்கிற கன்சீலரை ஒரு அரிசி அளவு எடுத்து, இரண்டு கண்ணுக்குமாகப் பங்கிட்டு மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். ஒரு நிமிடம் காய விடுங்கள். மேலே துளி காம்பாக்ட் பவுடர், அதற்கு மேல் ஐ ஷேடோ. கன்சீலரை ஒரு அரிசிக்கு மேல் எடுத்தால் அதுவே மடிப்பில் திரளும். நிறம் நிற்பதற்காக இமையில் முதலில் பூசுகிற ஐ ப்ரைமர் கையில் இருந்தால் நல்லது, இல்லையென்று தனியாக வாங்க வேண்டாம். உங்கள் ஊர் வேர்வைக்கு க்ரீம் ஷேடோவை விடப் பொடிதான் தோது.

என் இமையே கருத்துப் போயிருக்கிறது. முதலில் அதை மறைத்து வெளுப்பாக்கிவிட்டுத்தான் ஐ ஷேடோ போட வேண்டுமா?
வாசகி, விருதுநகர்

மறைக்க வேண்டாம் தங்கை. இமை கருத்திருப்பது நம் ஊரில் வெகு சகஜம், அம்மாவுக்கும் பாட்டிக்கும் இருந்திருக்கும். மற்றவர்கள் மடிப்பில் பிரவுன் வைத்துக் கொண்டுவருகிற ஆழம் உங்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. நடு இமையில் செம்பு நிற ஷிம்மரை மட்டும் விரலால் ஒற்றுங்கள், வேலை முடிந்தது. என் பார்லருக்கு வருகிறவர்களில் செம்பு மிகவும் அழகாக உட்காருவது உங்களைப் போன்ற இமையில்தான். நீலம் கலந்த கருமையாக இருந்து சங்கடப்படுத்தினால் மட்டும், கன்சீலருக்கு முன்னால் அந்த நீலத்தை அடக்குகிற ஆரஞ்சு நிற கரெக்டரை மெலிதாகத் தட்டலாம்.

கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள், உராய்வே தோலைக் கருக்க வைக்கும். அரிப்போடு திடீரென்று கருத்தால் தோல் மருத்துவரிடம் போங்கள், அதற்கு மேல் பூசி மூடாதீர்கள்.

நான் கண்ணாடி போடுகிறேன். எனக்கு ஐ ஷேடோ வீண்தானே?
வாசகி, சங்கரன்கோவில்

வீணே இல்லை. மைனஸ் பவர் என்றால் கண் சிறிதாகத் தெரியும், நடு இமையில் தங்க ஷிம்மர் தாராளமாக வைக்கலாம். பிளஸ் பவர் என்றால் கண்ணாடி கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும், கூடவே திட்டையும் பெரிதாக்கும். அதனால் மேட் பிரவுன் மட்டும், ஓரத்தை நன்றாகக் கரைத்து.

ஹாஸ்டலில் நாங்கள் நாலு பேர் ஒரே பேலட், ஒரே பிரஷ். கடை டெஸ்டரையும் கண்ணில் போட்டுப் பார்ப்போம். ஒன்றும் ஆகாதே?
வாசகி, நாகர்கோவில்

ஆகும். ஒருத்திக்கு மெட்ராஸ் ஐ வந்தால் நாலு பேருக்கும் வரலாம். பேலட்டைப் பங்கு போட்டே ஆக வேண்டுமென்றால், ஆளுக்கொரு பிரஷ்ஷாவது வைத்துக்கொண்டு, சுத்தமான பிரஷ்ஷால் மட்டும் தொடுங்கள். கண் மையும் மஸ்காராவும் கண்டிப்பாகத் தனித்தனி. கண்நோய் வந்து போனால் அப்போது உபயோகித்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், காசைப் பார்க்காதீர்கள். கடை டெஸ்டரைக் கையில் மட்டும் போட்டுப் பார்க்கலாம்.

பிரஷ்ஷை வாரம் ஒரு முறை குழந்தை ஷாம்பூவில் அலசி, ஈரத்தைப் பிழிந்து, மேஜை ஓரத்தில் முடி மட்டும் வெளியே நீட்டும்படி படுக்க வைத்துக் காய விடுங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கிக் காம்பு கழன்றுவிடும். டப்பாவின் பின்னால் மூடி திறந்த ஜாடிப் படமும் 12 அல்லது 24 என்ற எண்ணும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று அர்த்தம். பேட்ச் எண்ணும் தேதியும் இல்லாத டப்பாவை யார் கொடுத்தாலும் கண்ணுக்குப் போடாதீர்கள். குங்குமம், கைவேலைக்கு வாங்கும் கிளிட்டர், பவுடராக விற்கும் சுர்மா இவையும் வேண்டாம். கிளிட்டர் துகள் விழியைக் கீறும். பழைய முறைச் சுர்மாவில் ஈயம் உண்டு. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸைப் போட்டுக்கொண்ட பிறகு மேக்கப் போடுங்கள், இரவில் லென்ஸைக் கழற்றிவிட்டு மேக்கப்பை எடுங்கள்.

எனக்கு 61 வயது. அவர் போய் 4 வருடம் ஆகிறது. அடுத்த மாதம் பேரனுக்குக் காதுகுத்து. மருமகள், "அத்தை, கண்ணுக்கு லேசா ஏதாவது போட்டுவிடுறேன்" என்கிறாள். எனக்கும் ஆசைதான். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்றுதான் எழுதுகிறேன்.
வாசகி, அம்பாசமுத்திரம்

அம்மா, இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நாலு பேரில் ஒருவர்கூட உங்கள் பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளப் போவதில்லை, நீங்கள்தான் வைத்துக்கொள்வீர்கள். அந்தப் போட்டோ அவனிடம் 50 வருடம் இருக்கும்.

வயதான இமையில் ஷிம்மர் வேண்டாம், சுருக்கம் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டும். வறண்ட இமை என்றால் பொடியை விட மேட் க்ரீம் ஷேடோ நன்றாகப் பிடிக்கும். உங்கள் இமையை விட ஒரே ஒரு படி அடர்ந்த பிரவுன். மேல் இமை சரிந்து மடிப்பை மூடியிருக்கும், அதனால் கண்ணைத் திறந்து நேரே பார்க்கும்போதே போடச் சொல்லுங்கள். மூடிக்கொண்டு போட்டால் திறந்ததும் நிறம் உள்ளே ஒளிந்துவிடும். மடிப்புக்கு ஒரு நூல் மேலே வைத்தால் சரியாகத் தெரியும். கண்ணுக்கு அடியில் ஒன்றும் வேண்டாம்.

விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரு நாள் போட்டுப் பாருங்கள், அரிப்பு ஏதும் வருகிறதா என்றும் தெரிந்துவிடும். காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். மருமகளையே போட்டுவிடச் சொல்லுங்கள். அவள் போட்டு முடிக்கும் வரை புருவத்தை மட்டும் தூக்காமல் இருங்கள்.