ஏற்றத்தில் பூஜ்யம் காட்டும் கார்

கேள்வி: கோத்தகிரியில் ஆசிரியராக இருக்கிறேன் ஐயா. பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வைத்திருக்கிறேன், டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது சில நாள் ஸ்பீடோமீட்டர் முள் திடீரென்று பூஜ்யத்தில் விழுகிறது. உடனே வண்டி ஒரே கியரில் நின்றுகொள்கிறது. ஓரம்கட்டி, அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஸ்கேன் போட்டதில் பி0720 என்று ஒரு கோளாறுக் குறியீடு வந்தது. அவுட்புட் ஸ்பீடு சென்சாராம், கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகும் தண்டின் வேகத்தைப் பார்ப்பதாம், ஒரே போல்ட்தானாம். நானே வீட்டில் மாற்றலாமா?

பதில்: மாற்றலாம் சார். ஆனால் கடைக்குப் போகும் முன் அதன் கப்ளரை, அதாவது வயர் வந்து மாட்டும் பிளக்கை, கழற்றிப் பாருங்கள். பி0720 என்றால் சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தச் சென்சாரின் சர்க்யூட்டில் எங்கோ கோளாறு என்பதுதான் அர்த்தம். வயர், பின், கப்ளர் எல்லாம் அதில் அடக்கம். நான் இதைக் கற்றது அடுத்தவர் காசில். குன்னூரில் ஒருவர் வண்டிக்குப் புது சென்சார் போட்டுவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு பர்லியார் வரை இறங்கித் திரும்பினேன். ஊர் வருவதற்குள் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு மறுபடி எரிந்தது. கப்ளரைக் கழற்றினால் உள்ளே ஒரு பின் பச்சை பூத்துக் கிடக்கிறது. மாதக்கணக்கில் மஞ்சு இறங்கும் ஊரில் இதை முதலில் பார்க்காதது என் தப்பு. சென்சார் காசை நான்தான் கொடுத்தேன்.

பின் சுத்தமாக இருக்கிறது, எலியும் வயரைக் கடிக்கவில்லை என்றால் சென்சாருக்கு வாருங்கள். இரண்டு வயர் சென்சார் என்றால் உள்ளே காந்தமும் கம்பிச் சுருளும். எதிரே பல்சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துடிப்பு கிளம்பும். கம்ப்யூட்டர் அதை எண்ணித்தான் எப்போது கியர் மாற்றுவது என்று முடிவு செய்கிறது. துடிப்பு நின்றால் அதற்குக் கண் கட்டிய மாதிரி. கியர்பாக்ஸ் கெடாமல் இருக்க ஒரே கியரைப் பிடித்துக்கொள்ளும். இந்த வகையை மல்ட்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்க்கலாம். எல்லையற்றது என்று காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. மூன்று வயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை, உள்ளே சின்ன எலக்ட்ரானிக் சிப் இருக்கும், அதை ஓம்ஸ் வைத்துச் சோதிக்கக் கூடாது.

இன்னொன்று. உங்கள் வண்டியில் சென்சார் கியர்பாக்ஸின் வெளியே இருக்கிறதா என்று சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். சிலவற்றில் உள்ளே, ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியோடு இருக்கும். அப்படியென்றால் வீட்டு வேலை இல்லை, விட்டுவிடுங்கள்.

உண்மையான ஆபத்து சென்சாரில் இல்லை, உங்கள் வாசலில் இருக்கிறது. நம் மலையில் சமமான வாசல் எத்தனை வீட்டில் உண்டு? சரிவில் ஜாக்கி போட்டுக் கீழே நுழையவே கூடாது. "பி"யில் (பார்க்கில்) போட்டிருக்கிறேனே என்று நம்பாதீர்கள். கியர்பாக்ஸுக்குள் அந்த வண்டியைப் பிடித்திருப்பது சின்ன ஒரு கொக்கிதான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஸ்டாண்டில் ஏற்றிய பிறகே தலையை உள்ளே விடுங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். போல்ட்டைத் தொடும் முன் சென்சாரைச் சுற்றி இருக்கும் சேற்றைத் துடைத்து எடுங்கள். எஸ்டேட் சாலை மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் பெரிய செலவு. கீழே ஒரு தட்டு வையுங்கள், கொஞ்சம் ஆயில் சொட்டலாம். சென்சாரைத் திருகித் திருகி நேராக இழுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். முனையில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். துடைத்துப் பார்த்தால் வேலை செய்தாலும் செய்யும். நகத்தில் படும் அளவுக்கு இரும்புத் துண்டு இருந்தால் பிரச்சினை சென்சாரில் இல்லை, கியர்பாக்ஸில்.

பழைய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லையே என்று பாருங்கள். புதியதில் கியர்பாக்ஸில் இருக்கும் அதே ஆயிலைத் தடவிக் கையாலேயே அழுத்திப் பொருத்துங்கள். போல்ட்டைக் கையால் சுற்றி, கடைசியில் ஸ்பானரால் மெல்ல ஒரு பிடி. வெளிக்கூடு அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். அப்புறம் ஆயில் அளவு பார்த்து, ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: எனக்கும் இதே விளக்கு எரிகிறது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். போய்வந்து பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 36 கொண்டை ஊசி வளைவு. முதல் கியரிலோ இரண்டாவதிலோ இறங்க வேண்டிய பாதை அது. வண்டி மூன்றாவது கியரில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் போதுமான அளவு பிடித்துக் கொடுக்காது. பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் சூடேறிக் கைவிடும். கூடலூர் சுற்றிப் போகலாமே என்று அடுத்து கேட்பீர்கள், அதுவும் இறக்கம்தான். கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போங்கள்.