கண்ணாடி இழைத் துணி: பட்டறைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சார், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) துணியை விட்டுவிட்டு ஃபைபர் கிளாஸ் துணிக்கு மாறச் சொல்கிறார்கள். கண்ணாடி உடைந்துவிடாதா?

உடையாது. இதிலுள்ள ஒவ்வொரு இழையும் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அந்த மெல்லிசில்தான் கண்ணாடி வளையும். விரிசல் தொடங்குவதற்கான பழுதுகளும் குறைவாக இருக்கும். எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட அதிக இழுவிசை தாங்கும். தீப்பிடிக்காது, மின்சாரம் கடத்தாது, தண்ணீரில் ஊறி மட்காது.

கல்நாரை விடச் சொல்வதற்குக் காரணம் நுரையீரல். கல்நார் இழை நீளவாக்கில் பிளந்து பிளந்து மேலும் நுண்ணியதாகும், மூச்சில் உள்ளே போய்த் தங்கும். கண்ணாடி இழை குறுக்கே முறியும், தடிமன் மாறாது. தயங்காமல் மாறுங்கள்.

கேள்வி: 550 டிகிரி தாங்கும் என்று சொல்லி சிலிகான் பூசிய துணி கொடுத்தார்கள். 300 டிகிரி நீராவிக் குழாயில் சுற்றினேன், புகைந்தது. போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. 550 என்பது கண்ணாடியின் கணக்கு. சிலிகான் பூச்சு தொடர்ந்து தாங்குவது சுமார் 250 வரைதான். வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது பூச்சு என்ன என்பதை. உங்கள் குழாய்க்குப் பூச்சில்லாத துணியோ வெர்மிகுலைட் என்ற வெப்பம் தாங்கும் கனிமம் பூசியதோ சரி. ஆனால் புதுத் துணியில் நெசவுக்காகத் தடவிய பசையும் எண்ணெயும் இருக்கும், முதல் சூட்டில் அதுவும் கொஞ்சம் புகையும். இன்னொன்று, சுமார் 300 டிகிரியைத் தாண்டினால் கண்ணாடி இழையின் வலுவும் குறையத் தொடங்கும். வெப்பம் காக்கப் போர்த்துங்கள், பாரம் தூக்க வைக்காதீர்கள்.

கேள்வி: சிமென்ட் ஆலையில் தூசி வடிகட்டும் பைகளைக் கவனிக்கிறேன். பாலியஸ்டர் பை கருகுகிறது. கண்ணாடிப் பை போடலாமா அண்ணா?

போடுங்க தம்பி. பாலியஸ்டருக்கு 130 டிகிரி சுற்றிலேயே எல்லை. கண்ணாடிப் பை 260 வரை ஓடும். கண்ணாடிக்கு ஆகாதது மடிப்பும் உரசலும். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போதெல்லாம் பை உள்ளிருக்கும் கம்பிக் கூண்டில் மோதும். கூண்டில் கம்பிகள் நெருக்கமாக இருக்கட்டும், பை தொளதொளவென்று இருக்கக் கூடாது. பழைய கூண்டிலேயே மாட்டிவிட்டு, கிழிகிறது என்று துணியைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: விண்வெளி உடையிலும் இதுதான் என்கிறார்களே, உண்மையா?

அப்போலோ காலத்து உடையைப் பொறுத்தவரை உண்மை. 1967 ஜனவரியில் அப்போலோ 1 கலத்தில் தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். அதன்பின் உடையின் வெளிப்புறத்துக்குப் பீட்டா துணி வந்தது: மிக நுண்ணிய கண்ணாடி இழை, மேலே டெஃப்ளான். இழை எரியாது, டெஃப்ளான் உரசலிலிருந்து காக்கும். அங்கேயும் பூச்சு இல்லாமல் முடியவில்லை, பாருங்கள்.

கேள்வி: வெட்டினால் கை அரிக்கிறது.

முறிந்த துண்டுகள் தோலில் குத்துவதால் வருவது. தேய்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

கேள்வி: சுவர்ப் பூச்சுக்குள் விரிசல் தடுக்க இதே துணியை வைக்கலாமா?

சாதாரணத் துணி வேண்டாம். சிமென்டின் காரம் கண்ணாடியை அரிக்கும். காரம் தாங்கும் பூச்சுள்ள வலை என்று கேட்டு வாங்குங்கள்; காரத்தைத் தாங்க சிர்கோனியா என்ற ஆக்சைடு கலந்த கண்ணாடியில் செய்தது கிடைத்தால் இன்னும் நல்லது.