இரண்டும் அல்பினோ, குஞ்சுகளுக்கு மட்டும் ஏன் கறுப்புப் பட்டை?

வணக்கம். உங்கள் லெப்பர்ட் கெக்கோ பல்லி ஜோடியில் இரண்டுமே அல்பினோ, அதாவது கறுப்பு நிறமி உருவாகாதவை. ஆனால் பொரிந்த நான்கு குஞ்சுகளுக்கும் கறுப்புப் பட்டை இருக்கிறது, விற்றவர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அவரிடம் சண்டைக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

இந்தப் பல்லியில் அல்பினோ ஒன்றல்ல, மூன்று: டிரெம்பர், ரெயின்வாட்டர், பெல். மூன்றும் ஒடுங்கு பண்புகள்தான், அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். ஆனால் ஒவ்வொன்றிலும் பழுதான மரபணு வேறு, அதனால் ஒன்றோடொன்று ஒட்டாதவை. பெற்றோர் ஒரே வகை என்றால் எல்லாக் குஞ்சுகளும் அல்பினோவாகவே பிறக்கும். டிரெம்பர் ஆணும் பெல் பெண்ணும் சேர்ந்தால், தந்தையிடம் பழுதான மரபணுவுக்குத் தாயிடமிருந்து நல்ல பிரதி வருகிறது. தாயின் பழுதைத் தந்தை ஈடுகட்டிவிடுகிறார். கறுப்பு நிறமி வழக்கம்போல் உருவாகிவிடுகிறது. உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. பெண் கெக்கோ விந்தணுவை உடலில் சேமித்து வைக்கும். உங்களிடம் வருமுன் சாதாரண ஆணோடு இணைந்திருந்தாலும் இப்படி ஆகலாம். எனவே இரண்டும் எந்த வகை என்று விற்றவரிடம் முதலில் கேளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை.

கலப்பு உறுதியானால் இந்த ஜோடியைப் பிரித்துவிடுங்கள். குஞ்சுகளையும் தங்களுக்குள் இணைக்காதீர்கள்: சராசரியாக 16க்கு 7 அல்பினோ வரும், எது எந்த வகை என்று பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குஞ்சுகளைக் கொடுக்கும்போது இரண்டு வகையையும் சுமப்பவை என்று எழுதிக் கொடுங்கள்.