1990க்கு அடித்தால் முதலில் என்ன சொல்வது?

திருகோணமலையில் முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். போன வாரம் அவசர அழைப்பைப் பற்றிக் கேட்டவற்றையும் என் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

அக்கா, எந்த இலக்கத்துக்கு அடிக்கிறது? எங்கட பக்கம் எல்லாத்துக்கும் 119தான். (உப்புவெளி)

119 பொலிஸ். ஆளுக்கு ஏதும் நடந்தால் 1990, அதாவது சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. தீ என்றால் 110. வெள்ளம், சூறாவளி என்றால் 117, அனர்த்த முகாமைத்துவ நிலையம். வீதி விபத்தில் ஒருவர் 1990க்கும் இன்னொருவர் 119க்கும் அடியுங்கள். சுற்றி நிற்கிற பத்துப் பேரும் 'யாரோ அடித்திருப்பார்கள்' என்று நினைத்துக்கொண்டு நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஒருவரைக் கைகாட்டி, "தம்பி, நீங்கள் அடியுங்கோ" என்று சொல்ல வேண்டும்.

எடுத்தவுடனே என்ன சொல்ல வேணும்? (நிலாவெளி வீதி)

இடத்தை. "அம்மாவுக்கு நேற்றிலிருந்தே சுகமில்லை" என்று கதையைத் தொடங்காதீர்கள். அழைப்பை எடுப்பவர் கொழும்புப் பக்கம் இருக்கிறார். உங்கள் ஒழுங்கை அவருக்குத் தெரியாது. வெறுமனே 'கண்டி வீதி' என்றால் யாழ்ப்பாணத்திலும் ஒரு கண்டி வீதி இருக்கிறது. 'பிள்ளையார் கோயிலடி'யோ ஊருக்கு ஊர் இருக்கிறது. மாவட்டம், ஊர், வீதி, பிறகு அடையாளம் என்று பெரிதிலிருந்து சிறிதுக்கு வாருங்கள்.

உங்கள் வீதியில் இன்னொரு சிக்கல், இந்தக் 'கட்டை'. நாங்கள் ஆறாம் கட்டை என்றால் அது மைல் கணக்கு. வெளியூர்ச் சாரதி அதை ஆறாவது கிலோமீற்றர் என்று எடுத்தால், மூன்று கிலோமீற்றருக்கு மேல் முன்னாலேயே நின்று உங்களைத் தேடுவார். கட்டையைச் சொன்னால் கூடவே ஒரு பள்ளிக்கூடத்தையோ கோயிலையோ பெயரோடு சொல்லுங்கள்.

இடத்துக்குப் பிறகு ஆள்: "அறுபது வயது ஆண், நெஞ்சு நோ, வேர்த்துக் கொட்டுது, நினைவு இருக்கு." இவ்வளவு போதும். மற்றதை அவர்களே கேட்பார்கள். இடையில் லைன் அறுந்தாலும் எங்கே வருவது என்பது அவர்கள் கையில் இருக்கும்.

எனக்குச் சிங்களம் வராது. (மூதூர்)

1990இல் தமிழில் கதைக்கலாம். எடுத்ததும் "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லுங்கள்.

சொல்லி முடிந்ததும் வைக்கலாமா? (ஓர்ஸ் ஹில்)

அவர்கள் வைக்கச் சொல்லும்வரை வைக்காதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். வைத்த பிறகும் அந்த போன் சும்மா இருக்க வேண்டும். எங்கள் அயலில் ஓர் அண்ணை அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அதே போனில் கனடாவில் இருக்கிற மகனுக்கு அடித்து அழுதுகொண்டிருந்தார். சந்தியில் வந்து நின்ற சாரதி வழி கேட்க எடுக்க எடுக்க லைன் பிஸி. கடைசியில் கடைக்காரப் பொடியன்தான் சைக்கிளில் முன்னே ஓடி வீட்டைக் காட்டினான். மகனுக்கு இன்னொரு போனில் சொல்லலாம்.

கடலில் இழுபட்டு மூச்சில்லாமல் கிடந்தால்? தனி ஆளாக நிற்கிறேன் என்று வையுங்கோ. (நிலாவெளி)

கத்தி ஆள் கூப்பிடுங்கள், ஸ்பீக்கரில் 1990 போட்டுப் பக்கத்தில் வையுங்கள். நீரில் மூழ்கியவருக்கு முதலில் ஐந்து தரம் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம். பெரிய ஆளென்றால் 5 சென்ரிமீற்றராவது உள்ளே போகிற மாதிரி அழுத்துங்கள். 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்குவது எல்லாம் நேர விரயம்.

ஓட்டோவிலேயே கொண்டுபோனால் கெதி அல்லவா? (தம்பலகாமம்)

சில நேரம் ஆம். ஆனால் ஓட்டோவுக்குள் நெஞ்சை அழுத்த இடமில்லை, ஒட்சிசனும் இல்லை. விழுந்து கழுத்தோ முதுகோ அடிபட்டவரை மடித்துத் திணிப்பது இன்னும் மோசம். 1990இலேயே "எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாம்பு கடித்தால் என்ன சொல்வது? (கந்தளாய்)

கடித்த நேரம், கடித்த இடம். கட்டுப்போடாதீர்கள், வெட்டாதீர்கள், ஆளை நடக்க விடாதீர்கள். பாம்பைத் தேடி யாரும் பற்றைக்குள் போக வேண்டாம்.

இரவில் வீடு பிடிக்க மாட்டார்களே? (கிண்ணியா)

ஒருவரை டோர்ச்சோடு சந்திக்கு அனுப்புங்கள். வெளி லைட்டைப் போட்டுக் கேற்றைத் திறந்து வையுங்கள். நாயைக் கட்டுங்கள். ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள் கேற்றடியிலேயே நின்று "நாயைப் பிடியுங்கோ" என்று கத்தியதை ஒருதரம் கேட்டிருக்கிறேன்.